யார் அந்த நாலு பேர்?

‘மொதல்ல குடும்பத்தப் பாரு. அப்புறம் சமூகத்தப் பாக்கலாம்.’ இந்த வாக்கியத்தைக் கேட்காமல் காலேஜ் படியேறிய சேரிப்பிள்ளை ஒருத்தரும் இருக்க முடியாது. பெற்றவர்கள் சொல்கிறார்கள். பெரியப்பா, சித்தப்பா சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற நம்ம அதிகாரிகள் விடுதி ஆண்டு விழாவுக்கு வந்து, போட்ட மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்கள்: ‘ஒரு குடும்பம் நிமிந்தா ஒரு சமூகம் நிமிரும் தம்பி.’ நாமும் கைதட்டுகிறோம். இந்தக் கைதட்டலை நிறுத்த வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க். கவிதை எழுதுகிறவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. என்னிடம் என் வீடு நான்கு காரியங்களை எதிர்பார்த்தது. ஒரு வேலை. அப்புறம் ஆபீசர் பரீட்சை. டவுனில், யாரும் ‘எந்தத் தெரு’ என்று கேட்காத ஒரு நகரில் சொந்த வீடு. சாதிக்குள்ளேயே, முடிந்தால் அத்தை மகளோடு, கல்யாணம். முதலாவதைச் செய்தேன். மற்ற மூன்றையும் செய்ய மறுத்தேன். இது என் சொந்தக் கதை என்றால் டைரியில் எழுதி வைத்திருப்பேன். விடுதி அறைகளில் ராத்திரி இரண்டு மணிக்கு நம் பிள்ளைகள் விழித்துக் கிடந்து யோசிக்கிற விஷயம் இது. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

விடுதி விழாவின் பதில் ஒன்று என்றால், இலக்கியக் கூட்டங்களில் கிடைக்கிற பதில் இன்னொன்று. ‘குடும்பம் ஒரு சிறை. படைப்பாளி அதை உதறிவிட்டு வெளியேற வேண்டும்.’ என் காசில் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்ன நவீனக் கவிஞர் ஒருவர் உண்டு. அவர் உதறிய வீட்டில் திண்ணை இருக்கிறது. நஞ்சை இருக்கிறது. பத்து வருஷம் தாடி வளர்த்து ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினாலும் சோறு போட ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தன் வெளியேறினால் அடகு வைத்த கம்மல் ஏலத்துக்குப் போகும். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் இருந்து நிற்பாள். அவருடைய சிறையும் எங்கள் குடிசையும் ஒன்றல்ல. ஆதிக்க சாதிக்காரனின் கலகத்தை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டால் நமக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘குடும்பம்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. மிராசுதாரின் குடும்பம் நிலத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்க இருந்தது. நம் குடும்பத்தை அவன் எதற்கு வைத்திருந்தான்? தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் பண்ணையாளாக, படியாளாக நம் பாட்டன்மார் எப்படி மாட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணச் செலவுக்கு ஆண்டையிடம் வாங்கிய கொஞ்சம் பணம், கொஞ்சம் நெல். அந்தக் கடன் தீராது. தீராதபடிதான் அது கொடுக்கப்பட்டது. தாலி கட்டிய அன்றைக்கே புருசனும் பெண்டாட்டியும் பிறக்கப்போகும் பிள்ளைகளும் பண்ணைக்கு எழுதப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அதுவரைக்கும் நம்ம வீட்டுக் கல்யாணம்கூட ஆண்டையின் கணக்கு நோட்டில் ஒரு பற்று. நான் கணக்கு பார்க்கிறவன். அசலைப் பார்ப்பதற்கு முன்னால் கடன் கொடுத்தவன் யார் என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

அதனால்தான் நம் வீடுகளின் எதிர்பார்ப்பையும் அப்படிப் பார்க்கச் சொல்கிறேன். அது எங்கிருந்து வருகிறது? எங்க நைனா என்னிடம் கோபமாகப் பேசியதெல்லாம் ஒரே வார்த்தையில்தான் முடியும்: ‘நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?’

யார் அந்த நாலு பேர்? தமிழில் நாலு பேர் என்றால் கடைசியில் பாடை தூக்குகிறவர்கள். அந்த நாலு பேரைச் சம்பாதிப்பதற்காகவே ஒரு மனுசன் வாழ்நாள் முழுக்க அடக்க ஒடுக்கமாக நடக்க வேண்டும் என்பது ஊர் ஞானம். சரி, நம்ம பிணத்தைத் தூக்க ஊர்த்தெருவில் இருந்து யாராவது என்றைக்காவது வந்திருக்கிறார்களா? தூக்க வேண்டாம், வழியாவது விட்டார்களா? பொதுப்பாதையில் நம் பிணம் போகக்கூடாது என்று மறித்து, வயல் வரப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப்போன சேரிகள் எத்தனை! ஆனாலும் எங்க நைனாவின் வாயில் இருந்து வந்த அந்த ‘நாலு பேர்’ ஊர்த்தெரு நாலு பேர்தான். அவன் மெச்ச வேண்டும். அவன் ‘பரவால்லயே, பையன் ஒழுங்கா இருக்கானே’ என்று சொல்ல வேண்டும். சேரிக்காரன் வீட்டுக்குள் தகப்பன் குரலில் ஊர் பேசுகிறது. அது நம் தகப்பனின் குற்றமில்லை. கை கட்டி நின்றால்தான் பிள்ளைகள் உயிரோடு இருக்கும் என்று அவர் உடம்பால் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பயத்தை மதிக்கிறேன். அதற்குக் கீழ்ப்படிய மாட்டேன்.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. புனேவில் 1848இல் ஜோதிராவ் பூலே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மறுவருஷமே அவரையும் சாவித்திரிபாயையும் வீட்டை விட்டு அனுப்பினார் தகப்பன் கோவிந்தராவ். மகன்மேல் வெறுப்பா? இல்லை. ஊர் கொடுத்த நெருக்கடி. அங்கேயும் தகப்பன் வாயில் பேசியது ஊர்தான். அவர்கள் இரண்டு பேரும் வீட்டை விட்டார்கள், பள்ளிக்கூடத்தை விடவில்லை.

இனி ‘முதலில் குடும்பம், பிறகு சமூகம்’ என்ற வரிசைக்கு வருவோம். ஒழுக்கமாகக் கேட்கிற இந்த வாக்கியம் வரலாற்றுப்படி பொய். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை என் குடும்பம் வாங்கித் தரவில்லை. வாங்கித் தர அவர்களிடம் எதுவும் இல்லை. வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது, 1943இல், மத்திய அரசு வேலைகளில் நமக்கு 8.33 சதவீதம் ஒதுக்க வைத்தார். கல்லூரியில் நம்மைப் படிக்க வைத்த போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944இல் வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. அதன் பிறகே அந்தக் கண்ணாடிக் கதவுகளுக்குள் இட ஒதுக்கீடு நுழைந்தது. ஆக, முதலில் வந்தது சமூகம். முதலில் வந்தது போராட்டம். அது கொடுத்த சம்பளத்தில் பிறகு வந்தது என் குடும்பத்தின் ஃபேனும் கட்டிலும். பிறகு வந்ததை முதலில் வை, முதலில் வந்ததைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ‘பிறகு’ என்றைக்கு? பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு இன்ஜினியரிங் சீட், மாடி வீடு, பென்ஷன். அதற்கப்புறம் விடுதி விழாவில் மாலை.

1956 மார்ச் 18இல் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் உடைந்தார். படித்தவர்கள் சின்னக் குமாஸ்தாக்களும் பெரிய குமாஸ்தாக்களுமாகி வயிறு வளர்க்கும் கூட்டமாகிவிட்டதைத்தான் பார்ப்பதாகச் சொன்னார். நான் குமாஸ்தா. அந்தப் பேச்சு பெயர் சொல்லாமல் எனக்குப் பேசப்பட்டது. ஆபீசர் பரீட்சையை நான் எழுதாததற்கு ஒரே காரணம், ஆபீசர் ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள், மாலை ஆறு மணி என் கையில் இருக்காது என்பதுதான். எனக்கு அந்த ஆறு மணி வேண்டும். இரவுப் பள்ளிக்கும் இந்தப் பத்திரிகைக்கும் அது வேண்டும்.

‘குடும்பம் நிமிர்ந்தால் சமூகம் நிமிரும்’ என்கிறவர்களுக்கு இரண்டு ஊர்ப் பெயர் சொல்கிறேன். ஒன்று கொடியங்குளம். அந்த ஊர் ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய் வெயிலில் வெந்து சம்பாதித்து அனுப்பினார்கள். வீடு கட்டினார்கள், டிவி வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக நிமிர்ந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் உள்ளே நுழைந்து டிவியை உடைத்தது, தானியத்தைக் கொட்டியது, பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் கிழித்து எரித்தது, குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தது. எதை உடைத்தார்கள் என்று கவனியுங்கள் தோழர்களே. நிமிர்ந்ததைத் தேடித் தேடி உடைத்தார்கள். இன்னொன்று தருமபுரி நத்தம் காலனி. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். தனித்தனியாக நிமிர்ந்த குடும்பத்தை எந்தச் சுவரும் காப்பாற்றவில்லை. குடும்பம் முதலில் என்கிற கொள்கை குடும்பத்தைக்கூடக் காப்பாற்றாது.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். வரட்டும். ‘நத்தம் காலனி ஏன் எரிஞ்சுது? பையனும் பொண்ணும் பெத்தவங்க பேச்சக் கேக்காம கல்யாணம் கட்டினதாலதானே?’ இதைக் கேட்கிறவர்கள் பட்டியலைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கட்டும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, அங்கே என்ன காதல்? கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்களே, அங்கே என்ன கல்யாணம்? பஞ்சாயத்துத் தலைவரானார். கொடியங்குளத்துக்கு முந்தைய கலவரம் ஒரு பஸ் தகராறில் ஆரம்பித்தது. நெல், நாற்காலி, பஸ், தாலி, எதுவானாலும் சாக்கு அவனுக்குப் போதும். நாம் எதைத் தொட்டாலும் எரிப்பான் என்றால், பிள்ளைகளின் கையைக் கட்டிப்போடுவதில் என்ன பாதுகாப்பு?

அடங்காத பிள்ளை என்ற பட்டத்தை நம் பிள்ளைகளுக்கே ஏன் கொடுக்கிறோம்? குடும்பத்தை மீறு என்ற உபதேசம் முதலில் போக வேண்டிய இடம் ஊர்த்தெரு. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். அவரோடு வெட்டுப்பட்ட கௌசல்யா, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2017இல் தகப்பன் உள்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது கீழ்க்கோர்ட். 2020இல் உயர்நீதிமன்றம் தகப்பனை விடுதலை செய்தது. அந்தப் பெண் பின்வாங்கவில்லை. கருத்தரங்கில் சாதி ஒழிப்பு பேசுகிற ஆதிக்க சாதி நண்பர்களே, உங்கள் வீட்டுப் படியை நீங்கள் எத்தனை பேர் அப்படித் தாண்டினீர்கள்?

மேலே சொன்ன நவீனக் கவிஞர் எனக்குப் புத்தரை உதாரணம் காட்டினார். தூங்குகிற பெண்டாட்டி பிள்ளையை விட்டு நடுராத்திரியில் குதிரையேறிப் போன அந்தக் கதை. அவருக்கு அதுதான் தெரியும். அம்பேத்கர் அந்தக் கதையை ஏற்கவில்லை. 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அவர் சொல்லும் சித்தார்த்தன் வேறு ஆள். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகக் கோலியர்மேல் படையெடுக்கச் சாக்கியர் சங்கம் தீர்மானிக்கிறது. சித்தார்த்தன் எதிர்க்கிறான். பணியாவிட்டால் அவன் குடும்பத்தை ஒதுக்கிவைப்போம், நிலத்தைப் பறிப்போம் என்கிறது சங்கம். ஊர்க்கட்டுப்பாடு! நமக்குத் தெரியாத சமாசாரமா இது? என் குடும்பத்தைத் தொடாதீர்கள், நான் வெளியேறுகிறேன் என்கிறான் அவன். பெற்றவர்களிடமும் யசோதரையிடமும் நேருக்கு நேர் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் போகிறான்.

இரண்டு கதைக்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வந்தது. ஒருத்தன் தன் மனநிம்மதிக்காக வீட்டைக் கைவிட்டு ஓடினான். இன்னொருத்தன் ஊர் எடுத்த அநியாயத் தீர்மானத்துக்கு எதிராக நின்று, அதன் தண்டனை வீட்டின்மேல் விழாமல் பார்த்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போனான். நம் வழி இரண்டாவது. வீட்டு ஆட்களை விடாதே, வீட்டுக்குள் புகுந்திருக்கும் ஊரை விடு.

அம்பேத்கரும் அப்படித்தான் வளர்ந்தார். மகனுக்குப் புத்தகம் வாங்க, கட்டிக்கொடுத்த பெண்களின் நகையை வாங்கி அடகு வைத்தவர் தகப்பன் ராம்ஜி. 1913இல் பரோடா வேலைக்குப் போகாதே என்று தடுத்ததும் அதே ராம்ஜி. மகன் போனார். அடுத்த மாதம் தகப்பன் செத்தார். அந்த வருஷமே மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். அடகு வைத்த தகப்பனுக்குப் பட்ட கடனைப் பேச்சைக் கேட்டுத் தீர்க்கவில்லை அவர். வேறு விதமாகத் தீர்த்தார். அதில்தான் நாம் எல்லாரும் படித்தோம்.

இப்போது நம்ம வீட்டு அழுக்குக்கு வருகிறேன். ஊர்த்தெருவையே திட்டிக்கொண்டிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். நான் பறையன். நான் கட்டிக்கொண்டவள் அருந்ததியர் வீட்டுப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு ஊர்த்தெருக்காரன் எவனும் அரிவாள் எடுக்கவில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கும் ஒன்றுதான். அரசின் கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் பட்டியல் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டால் கலப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எங்க அம்மாவுக்கு ஒன்றில்லை. ‘அவங்க ஊட்டுலயா போயி’ என்று ஆரம்பித்தது. மூன்று வருஷம் ஆகிறது. என் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது, பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறது, தண்ணி மட்டும் குடிக்கவில்லை. டீக்கடையில் ஊர்க்காரன் தனக்கு வைத்த தனிக் கிளாசைக் கொண்டுவந்து என் மருமகள் இவள் என்று சொல்ல வேண்டியவளின் முன்னால் வைக்கிறது எங்க அம்மா.

1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார், சாதியின் உயிர்நிலை அகமணம் என்று. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்பு மணமே மெய்யான மருந்து என்றார். இதை மேடையில் மனப்பாடமாகச் சொல்கிற நம் தோழர்கள் எத்தனை பேர் வீட்டில் மட்டும் உட்பிரிவு பார்த்துப் பெண் எடுத்தார்கள்? அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது முகம் சுளித்தவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள்? பறையர், பள்ளர், அருந்ததியர் என்று மூன்று சுவருக்குள் மூன்று விடுதலையை யாராலும் கட்ட முடியாது. நம் குடும்பங்களின் எதிர்பார்ப்பில் முதலில் உடைபட வேண்டியது இதுதான். அதைச் சொல்லாத எந்த ‘சொந்தப் பாதை’யும் சும்மா பேச்சு.

கடைசியாக, தங்கைகளைப் பற்றி. ஆண்பிள்ளை குடும்பத்தை மீறினால் போராளி, கவிஞன். பெண்பிள்ளை மீறினால்? நம் இயக்கத்து வாய்களே என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆண் மீறிய மீறலின் செலவை யார் கட்டினார்கள் என்றும் தெரியும். அண்ணன் கட்சி வேலைக்குப் போனான், வாங்கின கடனைத் தீர்க்கத் தங்கை மேற்கு மாவட்டத்துப் பஞ்சாலைக்குப் போனாள். மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவோம் என்றார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பாட்டனைப் பண்ணையில் கட்டியது கல்யாணக் கடன். பேத்தியை மில்லில் கட்டியதும் கல்யாணம்தான். அம்பேத்கர் லண்டனில் படித்த காலத்தில் பம்பாயில் வரட்டிக் கூடை சுமந்தவர் ரமாபாய். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் புதைத்தவர். அதை மறைக்காமல் எழுதியவர் அம்பேத்கர். நம் ஆண்கள் அந்த நேர்மையிலாவது அவரைப் பின்பற்ற வேண்டும். தங்கையின் படிப்பை அடகு வைத்து எவனும் புரட்சி பண்ண வேண்டாம்.

வேலையை விடு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. மதுரையில் தடய அறிவியல் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே 1990இல் இயக்கத் தலைமையை ஏற்ற திருமாவளவன், 1999இல் தேர்தலில் நிற்கத்தான் அந்த வேலையை விட்டார். சம்பளம் தேவை. வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள். மாசம் முதல் தேதி அனுப்புங்கள். கடன்பட்டது பணம், உழைப்பு, பாசம். அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். உங்கள் பேச்சையும் கல்யாணத்தையும் மாலை நேரத்தையும் யாரும் அடகு வாங்கவில்லை. அதை ஏலம் போட யாருக்கும் உரிமை இல்லை.

வயது வந்த இரண்டு பேரின் கல்யாணத்துக்கு வீட்டின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய நினைத்தால் 30 நாள் நோட்டீஸ் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும், அதைப் பார்த்துத் தேடி வருவார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாள் தங்க இடம், கூட வர ஆள், பேச ஒரு வக்கீல் எல்லாம் வேண்டும். அது இயக்கத்தின் வேலை. சுவரொட்டி ஒட்டத் தெரிந்த மாவட்டக் கிளைகள் ஒவ்வொன்றும் இரண்டு பேர் தங்க ஒரு அறை வைத்திருக்கிறதா? இல்லையென்றால் வீட்டை மீறி வா என்று பிள்ளைகளைக் கூப்பிட நமக்கு யோக்கியதை இல்லை.

நைனாவின் நாலு பேரை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. ஊர்த்தெரு நாலு பேர் போகட்டும். நம் பிள்ளை வழி மாறிப் போகும்போது வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேச நாலு பேர். கோர்ட்டுக்கு நாலு பேர். தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு நாலு பேர். உட்பிரிவு பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார நாலு பேர். விடுதி அறைகளில் இதைப் படிக்கிற தம்பி தங்கைகளே, அந்த நாலு பேரை இந்த மாதமே தேடுங்கள். கிடைக்காத ஊரில் முதல் ஆளாக நீங்கள் நில்லுங்கள்.